அடித்தவரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டுமா?

விவாகரத்து, சமரசம், குடும்ப வன்முறை: சந்தேகங்களும் விளக்கங்களும்

லாபு, சிலியாவ், லிங்கி, சுவா பெத்தோங், பகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்துப் பக்கம் போனாலும், கணவன் மனைவி தகராறு முதலில் போகிற இடம் நீதிமன்றம் அல்ல. பக்கத்து வீட்டு அக்கா, அப்புறம் மண்டோர், அதற்கும் அடங்காவிட்டால் கோயில் தலைவர். ரப்பர் போய் செம்பனை வந்தது. லயத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இந்த வழக்கம் மட்டும் கூடவே போயிருக்கிறது. சின்னச் சண்டைகளுக்கு இந்தப் பஞ்சாயத்து நல்லது செய்திருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. கை நீட்டுகிற கணவன் விஷயத்தில்தான் அது தடுமாறுகிறது. போதாக்குறைக்கு, விவாகரத்துக்குப் போனால் சட்டமே ‘முதலில் சமரசம் பேசிவிட்டு வா’ என்கிறது. அடிபட்ட பெண்ணுக்கும் அதேதானா என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

இங்கே சொல்லப்படும் விவாகரத்து விதிகள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கானவை. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியா நீதிமன்றம் தனி. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது.

சமரசக் குழுவுக்குப் போகாமல் விவாகரத்து மனு போடவே முடியாதா?

1976-ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 106-ஆம் பிரிவுதான் இந்த நிபந்தனையைப் போடுகிறது. ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்கும்போது, குடும்பச் சிக்கலை முதலில் ஒரு சமரசக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். ‘சேர்த்து வைக்க முயன்றோம், முடியவில்லை’ என்று அந்தக் குழு சான்றிதழ் தரவேண்டும். அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் மனு. நம் மாநிலத்தில் அது சிரம்பான் உயர் நீதிமன்றம்.

மதம், சமூகம், சங்கம் சார்ந்து முறையாக அமைக்கப்பட்ட சமரச மன்றத்துக்கும் போகலாம். அதற்கு இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் தேசியப் பதிவு இலாகாவின் திருமண நடுவர் மன்றம்தான். பெரும்பாலோர் அங்கேதான் போகிறார்கள். குழுவுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு.

நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் வாதாட முடியாது. குடும்பத்தில் ஒருவர் உங்களுக்காக நிற்கலாம். வெளியாள் என்றால் மன்றத்தின் அனுமதி வேண்டும். அடிபட்ட பெண் இதைக் கவனிக்க வேண்டும். அம்மாவோ அண்ணனோ அக்காவோ கூட இருக்கலாம் என்பது தெரியாமல் தன்னந்தனியாகப் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

போலீஸ் ரிப்போர்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி சீட்டும் இருக்கிறது. அப்போதும் அங்கே போய் உட்கார வேண்டுமா?

106-ஆம் பிரிவில் விதிவிலக்குகள் வரிசையாக உள்ளன. கணவன் விட்டுவிட்டுப் போய், இருக்குமிடம் தெரியாவிட்டால் விலக்கு. வெளிநாட்டில் இருந்து ஆறு மாதத்துக்குள் திரும்ப வாய்ப்பில்லை என்றால் விலக்கு. அழைப்பு கிடைத்தும் வேண்டுமென்றே வராவிட்டால் விலக்கு. மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை, தீராத மனநோய், இவற்றுக்கும் விலக்கு. ‘அடித்தால் விலக்கு’ என்ற ஒரு வரி மட்டும் அந்த வரிசையில் கிடையாது.

சட்டம் எழுதிய காலத்தை நினைத்தால் இது வியப்பல்ல. 1976-இல் வீட்டுக்குள் அடிப்பதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமே இல்லை. 1985-இல் மகளிர் அமைப்புகள் ஒன்றுகூடித் தொடங்கிய இயக்கம் பல ஆண்டுகள் போராடித்தான் 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது. நடப்புக்கு வர 1996 ஜூன் ஆகிவிட்டது. பிந்தி வந்த சட்டத்துக்கு ஏற்ப முந்தியதைத் திருத்தியிருக்க வேண்டும். 106-ஆம் பிரிவில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். இத்தனை ஆண்டுகளாக அது சேராமல் இருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

இப்போதைக்கு உள்ள வழி, அந்த வரிசையின் கடைசி விலக்கு. சமரசக் குழுவுக்குப் போவது நடைமுறையில் சாத்தியமில்லாத அளவுக்கு அசாதாரணச் சூழ்நிலை இருப்பதாக நீதிமன்றம் திருப்தி அடைந்தால் விலக்கு தரலாம். இது தானாகக் கிடைப்பதில்லை. நீதிபதியின் முடிவு. ‘என்னை அடிக்கிறார்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எப்போது, என்ன காயம், எந்த மருத்துவமனை, ரிப்போர்ட் எண், பாதுகாப்பு ஆணை இருந்தால் அதன் நகல், ஒரே இடத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று நீங்கள் அஞ்சுவதற்கான காரணம், எல்லாம் சத்தியப் பிரமாணத்தில் வரவேண்டும். வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால், அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா குடும்ப வழக்குகளை எடுத்துக்கொள்கிறது. வருமான வரம்பு பார்ப்பார்கள்.

விலக்கு கிடைக்காது போல் தெரிந்தால் இன்னொன்று செய்யலாம். குழு இருவரையும் வரச்சொல்ல வேண்டும், ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்புத் தரவேண்டும் என்று 107-ஆம் பிரிவு சொல்கிறது. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துத்தான் பேச வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே நடுவர் மன்றத்துக்கு மனு கொடுக்கும்போதே, தனியாக விசாரிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்பு ஆணை இருந்தால் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். அவருக்கு ஒரு நேரம், உங்களுக்கு வேறு நேரம் என்று கேளுங்கள். தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கு வருவதும் போவதும் ஒரே பஸ்ஸாக இருக்கலாம் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தோன்றாது. நாம்தான் சொல்ல வேண்டும். பெண் ‘இனி முடியாது’ என்று வெளியேறும் நேரமும் அதற்கடுத்த வாரங்களும்தான் அவளுக்கு அதிக ஆபத்தான காலம் என்பது இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லா நாட்டிலும் சொல்வது. நடுவர் மன்ற அழைப்புக் கடிதம் கணவன் கைக்குப் போவது சரியாக அந்த நேரத்தில்தான்.

கோயில் தலைவர் பேசி முடித்தால் போதாதா? எதற்கு ஊர் சிரிக்க வேண்டும்?

தோட்டத்துப் பஞ்சாயத்தில் முதல் கேள்வி பெரும்பாலும் பெண்ணை நோக்கித்தான் வரும்: “அவன் அடிக்கிற அளவுக்கு நீ என்னம்மா சொன்ன?” கேட்பவர் கெட்டவர் அல்ல. இரண்டு பக்கமும் கேட்டு நடுவே ஒரு கோடு போடுவதுதான் சமரசம் என்று நினைக்கிறார். சமையல் சரியில்லை, போனில் அதிக நேரம் பேசுகிறாள், மாமியாரை எதிர்த்துப் பேசினாள் என்று ஒரு தட்டிலும், உடைந்த விரல் இன்னொரு தட்டிலும் வந்து உட்காரும். முடிவில் ‘ரெண்டு பேருமே கொஞ்சம் விட்டுக் கொடுங்க’. அவள் விட்டுக்கொடுக்க வேண்டியது எதை?

பிறகு மாரியம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம். குடித்தாலும் கை நீட்டுவதில்லை என்பான், அல்லது குடிப்பதே இல்லை என்பான். சில வாரம் ஓடும். அடுத்த முறை அடி விழும்போது அவளால் யாரிடமும் போக முடியாது. பேசி முடித்தவர்களிடமே திரும்பிப் போனால் “அதான் முடிச்சு வச்சோமே” என்பார்கள். பேசி வைத்தவருக்கும் அவனுக்கும் ஒரே பெரட்டு. ஒரே கோயில் கமிட்டி. சம்பள நாளில் ஒரே கடை. அவர் நடுநிலையாக இருக்க ஆசைப்பட்டாலும் தோட்டம் விடாது.

பயத்தில் இருப்பவளால் பேரம் பேச முடியாது. அவன் தொண்டையைச் செருமினாலே அதன் பொருள் அவளுக்குத் தெரியும், நடுவே இருப்பவருக்குத் தெரியாது. எல்லாரும் சுமுகமாகப் பேசியதாக நினைத்துக் கலைந்து போவார்கள். அவள் ஏன் ‘சரி’ என்றாள் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் வெளிவரும்.

இந்தியாவில் 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிமுறைகளில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆலோசனை அமர்வில் கணவன் தான் அடித்ததற்கு நியாயம் கற்பிக்க அனுமதி கிடையாது. அது பேச்சில் இடம்பெறாது என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிட வேண்டும். ‘என்ன சொன்ன, எதுக்கு அடிச்சான்’ என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. நம் கோயில் கமிட்டிகளில் இந்த ஒரு விதியை எழுதி ஒட்டினாலே பாதிப் பஞ்சாயத்துகள் கூடாமல் போகும். அதற்காக இந்தியாவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய மகளிர் காவல் நிலையங்களில்கூட, புகார் கொடுக்க வந்தவளைப் பேசிச் சமாதானப்படுத்தி அனுப்பிவைக்கும் பழக்கம் உண்டு என்ற குறை அங்கே நெடுநாளாக உள்ளது.

கோயில் தலைவருக்கும் இதில் வேலை உண்டு. சிரம்பான் வரை வண்டி அனுப்பலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்லலாம், தான் கண்ணால் பார்த்ததைச் சாட்சியாகச் சொல்லலாம். சேர்த்து வைப்பது மட்டும் வேண்டாம்.

அப்படியானால் பிள்ளை, பணம் எல்லாவற்றையும் கோர்ட்டில் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நடுவர் மன்றம் பார்ப்பது மறுபடியும் சேர்ந்து வாழ முடியுமா என்பதை. பிரிவது என்று முடிவான பிறகு, பிள்ளைகள் யாரிடம், மாதம் எவ்வளவு, ஈபிஎஃப் பணம், மோட்டார், நகை யாருக்கு என்று பயிற்சி பெற்ற நடுவரை வைத்துப் பேசி முடிப்பது வேறு வேலை. வழக்கு இழுத்தடிப்பது குறையும், செலவு குறையும், பிள்ளைகள் சாட்சிக்கூண்டைப் பார்க்காமல் தப்பிக்கும். அதனால் இந்த இரண்டாவது பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது.

அடிபட்ட பெண்ணுக்கு அது பொருந்துமா என்பது சில விஷயங்களைப் பொறுத்தது. முதலில், அது அவளே விரும்பித் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். மாமனார் வற்புறுத்தியோ நீதிமன்றத்தில் யாரோ அவசரப்படுத்தியோ வந்ததாக இருக்கக் கூடாது. பாதுகாப்பு ஆணை முன்பே கையில் இருக்க வேண்டும். வழக்கறிஞரோ ஆலோசகரோ பக்கத்தில் வேண்டும். இருவரும் தனித்தனி அறையில். நடுவர்தான் போய் வரவேண்டும். பேச்சு தொடங்கும் முன்பே, கணவர் இல்லாத இடத்தில், ‘அவரைக் கண்டு பயமா?’ என்று நடுவர் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாதவர் இந்த வழக்கைத் தொடக் கூடாது. எந்த நிமிடத்திலும் எழுந்து போக அவளுக்கு உரிமை வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நீதிபதி முன்னால் நின்று கேட்பதே நல்லது. அங்கே குரல் நடுங்கினாலும் ஆவணம் பேசும்.

அடித்ததா இல்லையா என்பது மட்டும் எந்தப் பேச்சுக்கும் வரக் கூடாது. அது குற்றம். 2012-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் குற்ற விவகாரங்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட்டை மீட்டுக்கொண்டால் மாதம் இவ்வளவு தருகிறேன் என்று யாராவது பேரம் பேசினால், அந்த மேசையிலிருந்து எழுந்துவிடுங்கள்.

எஸ்டேட் ஆபீசில் கிராணி எழுதிக் கொடுத்த வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு ஆறுதல். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாலும், நீதிமன்றம் ஒப்புதல் தரும்வரை அது செல்லாது, திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு. பிள்ளைகளின் பராமரிப்பு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பிள்ளைகளின் நலன் கருதி நீதிமன்றம் அதை மாற்றலாம்.

‘இருவர் சம்மதம்’ என்று போட்டால் நடுவர் மன்றமே வேண்டாமாமே?

உண்மை. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவின் கீழ் இருவரும் சேர்ந்து மனுச் செய்தால் சமரசக் குழு தேவையில்லை. சீக்கிரம் முடியும் என்று பலரும் இந்த வழியைக் காட்டுவார்கள். ஆனால் கணவர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. அந்தக் கையெழுத்துக்கு அவர் விலை வைப்பார். ‘ஜீவனாம்சம் வேண்டாம்னு எழுது, போடறேன்.’ ‘பையனை விட்டுடு, போடறேன்.’ நடுவர் மன்றத்தைத் தவிர்க்கப் போய், நடுவரே இல்லாத பேரத்தில் மாட்டிக்கொள்ளும் கதை இது. நிபந்தனைகள் நியாயமாக இருந்து, வழக்கறிஞர் ஒருவர் உங்களுக்காகப் பார்த்திருந்தால் தாராளமாகப் போகலாம்.

வீடு தோட்டத்து வீடு, அவர் பெயரில். நான் எங்கே போவது?

பல பெண்கள் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம். வேலை போனால் வீடு போகும்; அவர் வேலைக்குக் கிடைத்த வீட்டில் இவள் யார்?

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணையில், சேர்ந்து வாழும் வீட்டிலிருந்து அடித்தவரை வெளியேற்றி, வீட்டை மனைவியின் தனி உபயோகத்துக்கு விடச் சொல்ல முடியும். வீடு அவருக்குச் சொந்தமா, வாடகையா என்பது தடையல்ல. ஆணை அவரைத்தான் கட்டுப்படுத்தும்; கம்பெனியின் உரிமையை மாற்றாது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் வீட்டுப் பிரச்சினை திரும்ப எழும். அதனால் மாற்று இடத்துக்கும் ஒரு யோசனை வைத்துக்கொள்வது நல்லது.

ஆணைகள் மூன்று வகை. அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூகநல இலாகா அதிகாரியே தரலாம். 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் இது. போலீஸ் ரிப்போர்ட் கூடத் தேவையில்லை, ஏழு நாள் செல்லும். ரிப்போர்ட் கொடுத்து விசாரணை நடக்கும் காலத்துக்கு இடைக்கால ஆணை. வழக்கு நீதிமன்றம் போனபின் பாதுகாப்பு ஆணை. ஓராண்டு வரை, பிறகு நீட்டிக்கலாம். இவற்றில் எதற்கும் நடுவர் மன்றச் சான்றிதழ் வேண்டியதில்லை. விவாகரத்து கேட்க வேண்டும் என்றுகூட இல்லை.

காயம் இருந்தால் முதலில் மருத்துவமனை. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் குடும்ப வன்முறைக்கென்று ஒரே இடத்தில் டாக்டர், போலீஸ், நல அதிகாரி வந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். டாக்டர் எழுதுவது பின்னால் உயர் நீதிமன்றம் வரை வரும். அரசாங்கத்தின் உதவி எண் தாலியான் காசே 15999. மகளிர் உதவி அமைப்பான டபிள்யூஏஓ 03-3000 8858.

கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. எனக்கு எதுவும் கிடையாதா?

1982 மார்ச்சுக்குப் பிறகு நடந்த திருமணம் பதிவாகவில்லை என்றால் விவாகரத்துச் சட்டமும் நடுவர் மன்றமும் உங்களுக்குப் பொருந்தா. ஆனால் மத, சமூகச் சடங்குப்படி திருமணம் செய்துகொண்டவரை, பதிவு இல்லாவிட்டாலும் துணைவராகக் குடும்ப வன்முறைச் சட்டம் ஏற்கிறது. ரிப்போர்ட் கொடுக்கலாம், பாதுகாப்பு ஆணை கேட்கலாம். ‘சூரத் (பதிவுச் சான்றிதழ்) இல்லையே’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். சட்டத்தின் 2-ஆம் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடிபடும் ஆண்கள் இல்லையா?

இருக்கிறார்கள். சட்டம் கணவன் என்றோ மனைவி என்றோ பார்ப்பதில்லை. மேலே சொன்ன எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

ஐரோப்பாவில் 2011-இல் இஸ்தான்புல்லில் கையெழுத்தான உடன்படிக்கை, பெண்களுக்கு எதிரான வன்முறை வழக்குகளில் சமரசத்தையும் மத்தியஸ்தத்தையும் கட்டாயமாக்குவதை 48-ஆம் பிரிவில் தடுக்கிறது. தடுப்பது கட்டாயத்தைத்தான். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் பற்றிய வழக்குக்கு முன் பேசிப் பார்க்க வேண்டும் என்ற விதி உண்டு. குடும்ப வன்முறை இருந்தால் விலக்கு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நம் 106-ஆம் பிரிவில் விடுபட்ட வரி அதுதான்.

கேஸ் போட்டவுடன் திருந்திவிட்டேன் என்கிறார். மனுவை மீட்டுக்கொள்ளலாமா?

அது உங்கள் முடிவு. யாரும் குறை சொல்ல முடியாது. திருந்துபவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் விவாகரத்து மனு வேறு, பாதுகாப்பு ஆணை வேறு. மனு உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. ஆணையோ அவர் அடித்த வழக்கோடு சேர்ந்து வந்தது. மனுவை மீட்டுக்கொண்டு ஆறு மாதம் பார்க்கலாம் என்று நினைத்தால் பாருங்கள். அதற்காக ஆணையையும் சேர்த்து ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. உண்மையிலேயே திருந்தியவருக்கு அந்தத் தாள் அலமாரியில் கிடப்பதால் ஒரு தொந்தரவும் இல்லை. அதை மீட்டால்தான் சேர்ந்து வாழ்வேன் என்று அவர் அடம்பிடித்தால், மனுவை மீட்பதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.